நீலப் பாவாடை, வயது ஏழு

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் வாரம் பழைய பதிவுகளைச் சரிபார்க்கும் வேலையைத் தலையில் கட்டுவது நம் ஆபீஸ் வழக்கம். ஊர் பெயர் விட்டுப்போனது, வயது பொருந்தாதது, ஒரே ஆள் இரண்டு தடவை ஏறியது என்று நிறைய மாட்டும். எல்லாவற்றையும் திருத்துங்கள். ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள். அது எது என்று கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் மீதியைப் படிக்க மாட்டீர்கள். நானாக இருந்தால் படிக்க மாட்டேன்.

இந்த மாதத்தோடு நான் கிளம்புகிறேன். ஓய்வு பெறும் வயது எனக்கு இன்னும் வரவில்லை, என் முதுகுக்கு வந்துவிட்டது. போகிற ஆளிடம் இரண்டு பக்கம் எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறார் நம் டீம் லீட். அவர் சொன்னால் நான் தட்டுவதில்லை. ஏன் என்பதும் இதில் வரும்.

சென்னையில் நெடுங்காலம் மென்பொருள் வேலை பார்த்தவன் நான். அங்கே என் தனித்திறமை, அடுத்தவர் எழுதி ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை எடுத்து, ஓடாதபடி மாற்றி, பிறகு அவரிடமே உதவி கேட்பது. டேட்டாபேஸ் என்றால் எனக்கு ஒரு பீரோ. துணி வைப்போம், துணி எடுப்போம், கதவை மூடுவோம். அதைப் பார்த்து வாய் பிளக்க ஏதாவது இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

பிறகு சொந்த ஊருக்கே வந்து, செங்கம் ரோட்டில் இதே மாடி ஆபீஸில் சேர்ந்தேன். கீழே காபிக் கடையில் வெளிநாட்டுக்காரர்கள் கண்ணை மூடி மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். மேலே நாங்கள் சர்வரைத் திட்டிக்கொண்டிருப்போம். ஒருநாள் வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் படியேறி வந்து கைகூப்பி, தினமும் காலையில் என்ன மந்திரம் சொல்கிறீர்கள் என்று கேட்டார். யாரும் மொழிபெயர்க்கவில்லை.

கிரிவலப் பாதையில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி உதவி மையங்கள் நடத்தும் தன்னார்வக் குழு ஒன்று எங்களிடம் வந்தது. கூட்டத்தில் பிரிந்துபோகிறவர்களைச் சேர்த்துவைக்க ஏதாவது செய்துதர வேண்டும். அதுவரை மைக்கில்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மைக் சத்தம் கேட்கும் தூரத்துக்குள்ளேயே தொலைகிறவர்களுக்கு அது போதுமானது.

ஒரே நாளில் படம் போட்டுவிட்டேன். எங்கோ ஒரு பெரிய சர்வர், அதில் ஒரே டேட்டாபேஸ், எல்லா மையங்களும் இன்டர்நெட் வழியாக அதோடு பேசும். அம்புக்குறிகளுக்குக் கலர் கூடக் கொடுத்திருந்தேன். லீட் அதைப் பார்த்தார். என்னைவிட நிரம்பச் சின்னவர், கீழ்பென்னாத்தூர் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். நான் கிண்டலாக லீடம்மா என்பேன். அவர் மரியாதையாக அண்ணா என்பார். இரண்டில் எது கூர்மையானது என்று போகப் போகத் தெரிந்தது.

"அண்ணா, நீங்க எந்த ஊரு?"

"இதே ஊர்தான். பொறந்ததே இங்கதான்."

"பௌர்ணமி அன்னிக்கு உங்க வீட்ல இருந்து போன் போட்டா போவுமா?"

நான் படத்தைச் சுருட்டிக்கொண்டேன். ஒவ்வொரு பௌர்ணமியும் காலையிலேயே மகளுக்குப் போன் செய்து, இன்றைக்கு லைன் கிடைக்காது, பயந்துவிடாதே என்று சொல்கிற ஆள் நான்தான். அத்தனை கூட்டமும் ஆளுக்கொரு போனோடு ஒரே மலையைச் சுற்றினால் டவர் என்ன செய்யும், மூச்சு முட்டி நிற்கும். வீட்டில் தெரிந்த விஷயம், ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்ததும் மறந்துபோயிருந்தது.

அவர் திட்டவில்லை. அன்றைக்கு இந்த ஊரில் நிற்காமல் போய்க்கொண்டே இருப்பது எது என்று மட்டும் கேட்டார். பஸ் நிற்கும். ஆட்டோவை உள்ளே விட மாட்டார்கள். யோசித்து, "ஜனங்கதான்" என்றேன். "அப்ப அவங்களே எடுத்துனு போவட்டும்" என்றார்.

இப்படித்தான் அது உருவானது. ஒவ்வொரு மையத்துக்கும் தனி லேப்டாப், அதில் அதற்கென்று ஒரு டேட்டாபேஸ். குழுவின் ஆட்கள் எப்படியும் கிரிவலம் போகிறவர்கள்தான். அவர்களுடைய போனில் நம் செயலி இருக்கும். ஒரு மையத்தைக் கடக்கும்போது அங்கே இருக்கும் பதிவுகள் வைஃபையில் போனுக்கு ஏறும், அடுத்த மையத்தில் இறங்கும். டவரே வேண்டாம். மலையைச் சுற்றி எல்லோரும் ஒரே திசையில் நடப்பதால், ஓரிடத்தில் எழுதியது என்றாவது ஒரு நேரம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்தே தீரும்.

சோதனைக்கு, செங்கம் ரோடு மையத்தில் என் பெயரையே தொலைந்தவர் என்று ஏற்றிவிட்டு, அடி அண்ணாமலை மையத்தில் போய் உட்கார்ந்தேன். யார் யாரோ வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தார்கள். திடீரென்று லேப்டாப்பில் என் பெயர் முளைத்தது. சொன்னால் சிரிப்பீர்கள், நான் எழுந்து நின்றுவிட்டேன். கம்பி இல்லை, டவர் இல்லை, ஒருவர் காலிலிருந்து இன்னொருவர் காலுக்கு மாறி மாறி என் பெயர் மலையைப் பாதி சுற்றி வந்திருந்தது. நான் அந்த வயதுவரை ஒரு தடவைகூடச் சுற்றியதில்லை. உள்ளூர்க்காரன், எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று இருந்துவிட்டவன்.

ஒரே ஒரு சண்டைதான் வந்தது. டேட்டாபேஸுக்குள் நான் இரண்டு டேபிள், அதாவது இரண்டு பட்டியல், வைத்திருந்தேன். தேடி வருகிறவர் சொல்லும் விவரம் 'தொலைந்தவர்கள்' டேபிளில் ஏறும். தனியாக அலைந்து நம் ஆட்களிடம் கிடைப்பவர் விவரம் 'கிடைத்தவர்கள்' டேபிளில் ஏறும். இரண்டையும் பொருத்திப் பார்த்தால் முடிந்தது வேலை. இதில் குறிப்பு என்று ஒரு கட்டம் வேண்டும், சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும் என்றார் லீட். குப்பை சேரும், கம்ப்யூட்டரால் அதில் எதையும் தேட முடியாது என்றேன் நான். "மனுஷங்க சொல்றதெல்லாம் நம்ம கட்டத்துல அடங்காதுண்ணா. மிச்சம் வைக்க ஒரு எடம் வேணும்" என்றார். அவர் லீட் என்பதால் கட்டம் வந்தது. எனக்கு ரோஷம் என்பதால் அதைத் திரையின் கடைசியில், உருட்டிக்கொண்டே போனால்தான் தெரிகிற இடத்தில் வைத்தேன்.

அடுத்து வந்தது சித்ரா பௌர்ணமி. வருஷத்திலேயே பெரிய கூட்டம், சித்திரை வெயில். அடி அண்ணாமலை மையத்தில் நானும் லீடும் இருந்தோம். மத்தியானம் சாய்ந்த நேரம், ஒரு பெண்மணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மேஜையைப் பிடித்தார். போளூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். பெயர் தமிழ்ச்செல்வி. நாற்பதைத் தாண்டியவர்.

"எங்கப்பாவக் காணோங்க. மறதி ஜாஸ்தி. பேரக் கேட்டா சொல்லுவாரு, மத்ததெல்லாம் முன்னபின்ன சொல்லுவாரு. சக்கர வேற இருக்குது. மாத்திர என் பையிலதான் கெடக்குது. காலையில சாப்ட்டது."

செங்கம் ரோட்டில் தண்ணீர் பாட்டில் வாங்கத் திரும்பியபோது காணாமல் போயிருக்கிறார். எப்போதும் மகளுக்கு முன்னால் நடக்கிறவர் என்பதால், முன்னால்தான் போயிருப்பார் என்று அங்கிருந்த மையத்தில்கூட நிற்காமல், வழியில் ஒவ்வொரு கோயிலாக நுழைந்து தேடிக்கொண்டே இவர் வந்திருக்கிறார். அப்பா பெயர் அண்ணாமலை. இந்த ஊரில் அந்தப் பெயரைத் தட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அதைத் தட்டினால் அதைவிட மோசம். வயதையும் ஊரையும் சேர்த்துத் தட்டினேன். திரையில் வந்ததை அப்படியே வாசித்தேன்.

"இல்லம்மா. பதிவு இல்ல."

அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. லீட் என் தோளுக்கு மேலே குனிந்தார்.

"அக்கா, இல்லன்னு அர்த்தம் இல்ல. இந்த மையத்துக்கு இன்னும் தெரியல. அவ்ளோதான்."

இல்லை என்பதும் இன்னும் தெரியாது என்பதும் வேறு வேறு என்று எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் கேட்டிருக்கிறேன், தூக்கத்தில். அதை ஒரு மனுஷியின் முகத்தில் பார்த்தது அன்றைக்குத்தான். மேஜையைக் கெட்டியாகப் பிடித்திருந்த பிடியை அவர் கொஞ்சம் தளர்த்தினார்.

பர்ஸிலிருந்து அப்பாவின் சின்ன போட்டோவை எடுத்து, பின்னால் தன் பெயரும் நம்பரும் எழுதித் தந்தார். பேனாவை யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்கக் கயிற்றில் கட்டி மேஜையின் ஓரத்தில் வைத்திருந்தோம். கயிறு அவருக்கு எட்டவில்லை. சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்து எழுதினார்.

இனி என்ன செய்வது என்பதுதான் கேள்வி. திரும்பிப் போய்த் தேடலாம் என்றால், அத்தனை கூட்டமும் எதிரே வருகிறது, இந்தப் பாதையில் எதிர்ப்பக்கம் யாருக்கும் கால் வராது. இங்கேயே காத்திருக்கலாம், அப்பா பின்னால் இருந்தால் இந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும். முன்னால் இருந்தாலோ, அடுத்த மையத்துச் செய்தி முழு மலையையும் சுற்றிக்கொண்டுதான் எங்களிடம் வரும். இரண்டு பேரும் நடந்துகொண்டே இருந்தால் ஒருநாளும் சந்திக்க மாட்டார்கள், ஒருவர் நிற்க வேண்டும் என்றார் லீட்.

"நான் உக்காந்தன்னா செத்துடுவேம்மா" என்றார் டீச்சர்.

"அப்ப நீங்க நடங்கக்கா. ஒவ்வொரு மையமா நின்னு கேளுங்க. உங்களுக்குப் பதிலா அண்ணா நிப்பாரு."

நின்றேன். கையில் போட்டோவோடு பாதை ஓரத்தில், வருகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு.

இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அதுவரை நான் கிரிவலக் கூட்டத்தை மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன், தலைகளாக. எதிரே நின்று முகமாகப் பார்த்ததில்லை. கைக்குழந்தையைத் துணியில் கட்டியவள், கால் கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டியவர், ஏதோ கணக்கு முணுமுணுத்துக்கொண்டே போகும் பையன், அழுதுகொண்டே நடந்தும் நடையை நிறுத்தாத ஒரு அம்மா. ஒரு முகம் மாதிரி இன்னொரு முகம் இல்லை. வந்துகொண்டே இருந்தார்கள். தீரவில்லை. இத்தனை காலம் 'பயனாளர்' என்று ஒரே சொல்லில் நான் எழுதித் தள்ளியது இவர்களைத்தான். முதுகு வலித்தது. நகர மனம் வரவில்லை.

நடுவில் எங்கள் மைக் வேறு ஒரு செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தது. நீலப் பாவாடை கட்டிய ஏழு வயதுப் பெண் குழந்தை, பெயர் பாப்பா, காணவில்லை, செங்கம் ரோடு மையத்தில் அப்பா காத்திருக்கிறார். பாதையில் இருந்த எங்கள் ஆட்கள் எல்லோரும் அந்தக் குழந்தையைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு கண்ணால் கிழவரையும் ஒரு கண்ணால் நீலப் பாவாடையையும் தேடினேன். இரண்டு நீலப் பாவாடைகளை நிறுத்தி விசாரித்து, இரண்டு அம்மாக்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

செங்கம் ரோடு பக்கமிருந்து செய்தி சுமந்து வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி மோர் குடிக்க நின்றாள். "அந்தக் கொழந்த கெடச்சுதா சார்? அந்தத் தாத்தா அழுவுறத பாக்க முடியல" என்றாள்.

"எந்தத் தாத்தா?"

"அதான் சார், கொழந்தையோட அப்பா."

சொல்லிவிட்டு அவளே மோர் டம்ளரை இறக்கினாள். ஏழு வயதுக் குழந்தையின் அப்பா எப்படித் தாத்தாவாக இருப்பார் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில்தான் யோசித்தோம்.

உள்ளே ஓடிப்போய் 'தொலைந்தவர்கள்' டேபிளைத் திறந்தேன். பாப்பா, வயது ஏழு, நீலப் பாவாடை. தேடுபவர், தந்தை அண்ணாமலை. அவர் வயதுக்கு நான் கட்டமே வைக்கவில்லை. தேடுகிறவரின் வயது யாருக்கு வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஊர், எனக்குத் தெரியாத ஏதோ ஒரு கிராமம். உருட்டிக்கொண்டே போய்க் கடைசியில் இருந்த குறிப்புக் கட்டத்துக்கு வந்தேன். செங்கம் ரோட்டில் இருந்த புண்ணியவான் அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதியிருந்தார்.

'எடது கையாலதான் சாப்புடுவா. யாரும் திட்டாதீங்க. திட்டினா சாப்புடாம எழுந்துடுவா.'

நான் திரையைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்தேன். பேனாக் கயிறு வலது ஓரத்தில் கட்டியிருந்தது. வலது கைக்காரர்கள் எல்லோருக்கும் எட்டிய கயிறு. அந்த டீச்சர் ஒருவர்தான் சுற்றிக்கொண்டு வந்து எழுதினார்.

கிழவர் தொலையவே இல்லை. அவர் கணக்கில் தொலைந்தது மகள். அவர் தேடுகிறவராக வந்து, மரியாதையாக நாற்காலியில் உட்கார்ந்து, தெளிவாக விவரம் சொல்லியிருக்கிறார். யார் சந்தேகப்படுவார்கள்? தேடுகிறவர் வேறு, தொலைந்தவர் வேறு என்று கோடு போட்டவன் நான். நான் பதிவு இல்லை என்று வாசித்தபோதே அந்தப் பதிவு இதே லேப்டாப்பில் இருந்தது, பக்கத்து டேபிளில்.

லீடிடம் காட்டினேன். படித்துவிட்டு, பெரியவர் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறார், தெரியாமல் நடந்துகொண்டிருப்பது மகள்தான், செய்தி போக வேண்டியது அவரிடம் என்றார். எங்கள் ஆட்களிடம் கொடுத்தனுப்பினால் அவர்களும் அதே நடையில்தான் போவார்கள், எட்டிப் பிடிக்க முடியாது. யாராவது ஓட வேண்டும். சுற்றிப் பார்த்தோம். லேப்டாப்பைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர் அவர். மீதி இருந்தது நான்.

செருப்பை மேஜைக்கு அடியில் விட்டுவிட்டு ஓடினேன். ஓடினேன் என்று நான் சொல்கிறேன், பார்த்தவர்கள் வேறு சொல்லலாம். தண்ணீர் லாரி தெளித்த இடம் சுகமாக இருந்தது, காய்ந்த இடம் தோசைக்கல்லாக இருந்தது. "பெரியவரே, மெதுவா போங்க, மலை எங்கயும் போவாது" என்று ஒருவர் தைரியம் சொன்னார். பெரியவர் என்றது என்னைத்தான் என்பது கொஞ்ச தூரம் போன பிறகு உறைத்தது.

குபேர லிங்கத்துக்கிட்டே இருந்த மையத்தில் அவரைப் பிடித்தேன். மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே இருந்த பையன் திரையைப் பார்த்து, பதிவு இல்லீங்க என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் வைத்த வாசகம், நான் வைத்த திரை. எனக்குப் பேச்சு வரவில்லை, மூச்சுதான் வந்தது. கையைத் தூக்கினேன்.

"இருக்காரு" என்றேன்.

அந்த லேப்டாப்பிலும் பதிவு வந்து சேர்ந்திருந்தது. எடுத்துக் கடைசிக் கட்டம்வரை உருட்டி அவர் பக்கம் திருப்பினேன். படித்தார். திரும்பவும் படித்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க டீச்சர் இந்தக் கையிலதான் சார் அடிப்பாங்க" என்றார், இடது கையைப் பார்த்தபடி. "எங்கப்பா ஸ்கூலுக்கே வந்து சண்ட போட்டாரு. கல்யாணம் ஆனப்புறம் சாப்புடறத மாத்திக்கினேன். எழுதறதுதான் மாறல." பாப்பா என்பது அப்பா கூப்பிடும் பெயராம், அந்த நீலப் பாவாடை ஏழு வயதில் அவர் எடுத்துக்கொடுத்ததாம். குறிப்பில் இருந்த கிராமம் அவர்கள் முன்பு குடியிருந்த ஊராம்.

மீதித் தூரத்தை அவரோடு நானும் நடந்தேன். ஊருக்குள் நுழைந்தபோது இருட்டத் தொடங்கி, கோபுரத்துக்குப் பின்னால் மலை இன்னொரு மாதிரி நின்றது. பிறந்ததிலிருந்து பார்த்த மலை. எதிரே நிலா வந்துவிட்டது. டீச்சர் எதையும் பார்க்கவில்லை, அவருக்கு முன்னால் பாதை மட்டும்தான் இருந்தது. எனக்கோ ஒன்று மட்டும் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. எங்கள் லேப்டாப்பெல்லாம் செத்துப்போயிருந்தாலும், இந்த மகள் திரும்பாமல் நடந்தபடியே ஒவ்வொரு மையமாக நின்று கேட்டிருந்தால், நேராக அப்பா உட்கார்ந்திருக்கும் நாற்காலியில்தான் வந்து முடிந்திருப்பார். நாங்கள் பெருமையாகச் செய்த டிசைனை இந்தப் பாதை யாரையும் கேட்காமல் எப்போதோ செய்து வைத்திருந்தது.

பெரியவர் செங்கம் ரோடு மையத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். கொடுத்த மோரைக் குடித்திருக்கிறார். புளிசாதத்தைத் தொடவில்லை, பாப்பா வந்தால்தான் சாப்பிடுவேன் என்று தட்டை மடியில் வைத்திருந்தார். மகளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, வர்ற வழில பாப்பாவப் பாத்தியா? நீலப் பாவாட."

பதிவு பொருந்திவிட்டது, ஆள் பொருந்தவில்லை. இதற்கு என் கையில் எந்தக் கட்டமும் இல்லை.

டீச்சர் அப்பாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தார். மடியிலிருந்த தட்டை வாங்கினார். அத்தனை பேர் பார்க்க, இடது கையால் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார். இன்னொரு வாய். பெரியவர் அந்தக் கையையே பார்த்தார். மெதுவாக அவர் முகத்தில் ஏதோ வந்து சேர்ந்தது. எங்கிருந்து கிளம்பியதோ, எத்தனை தூரம் சுற்றி வந்ததோ.

"எங்க போயிட்ட நீ? எவ்ளோ நேரமா தேடறது" என்றார். "சாப்புடு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

மகள் மாத்திரையைப் பிரித்துக் கொடுத்தார். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு தேடல் இரண்டு டேபிளிலும் போகும்படி மாற்றினோம். 'பதிவு இல்லை' என்ற வாசகத்தை எடுத்துவிட்டு, 'இந்த மையத்துக்கு இன்னும் தெரியவில்லை' என்று போட்டோம். குறிப்புக் கட்டத்தை உச்சிக்குக் கொண்டுவந்தோம். லீட் அப்போதும் என்னைக் குத்திக்காட்டவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆனால் அன்றைக்கு, அங்கே, பதிவை முடித்துவைக்க வேண்டியிருந்தது. அங்கிருந்த தன்னார்வலர் பட்டனை அழுத்திவிட்டுத் திரையையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், வயசு தப்பா இருக்குது. திருத்திடவா?"

பெரியவர் அப்போது மகளின் வாயோரம் ஒட்டியிருந்த பருக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இருக்கட்டும்பா" என்றேன்.

அந்தப் பதிவுதான் நான் சொன்னது. பாப்பா, நீலப் பாவாடை, வயது ஏழு, கிடைத்துவிட்டாள். சரிபார்த்துத்தான் வைத்திருக்கிறேன். எல்லாம் சரியாக இருக்கிறது.